எட்டாம் நாளுக்கு ஒரு கிளாஸ் கறுத்த பியர்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. என் கணவர் கோணேஸ்வரன் செத்து இன்று எட்டாம் நாள். இந்த நேரத்தில் யார் கதை எழுதுவார்கள்? நேற்று அவருடைய தம்பி குகநேசன் தொலைபேசியில் சொன்ன ஒரு வசனம்தான் எழுத வைத்தது: "அண்ணை அப்பிடியான ஆள் இல்லை, அண்ணி."

எப்படியான ஆள் இல்லை? அதைத்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். வசனங்கள் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

2

முதல் தொடக்கம்: "அயர்லாந்தின் பச்சைப் புல்வெளிகளில் அன்று மழை மெல்லத் தூறிக்கொண்டு—"

இல்லை. மழை அடித்து ஊற்றியது. புல்வெளியை யார் பார்த்தது?

இரண்டாம் தொடக்கம்: போன வருடம் அயர்லாந்தில், கோல்வேயில் இருக்கும் சண்முகலிங்கம் வீட்டுக்குப் போனோம். என் கணவரோடு ஒன்றாகப் படித்தவர். போய் இறங்கிய அன்றே எங்களைத் தெருமுனைப் பப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். கறுத்த பியர், மட்டிச் சிப்பி போட்ட பால் சூப், வெண்ணெய் தடவின மண்ணிறப் பாண்.

"உதென்ன மச்சான், கோப்பியோ?" என்றார் இவர்.

"கசாயமெண்டு நினைச்சு விழுங்கடா. முகத்தைச் சுளிச்சியெண்டால் இவங்கள் உன்னை அடுத்த பிளேனில ஏத்திப்போடுவாங்கள்."

இவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். பாணால் கோப்பையைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். மூலையில் ஒருவர் வயலின் வாசிக்க, மேசையில் தாளம் போட்டார். பிறகு கிளாசை என் பக்கம் தள்ளி, "நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரன்" என்றார். குடித்தேன். மேலுதட்டில் நுரை ஒட்டியது. இவர் தன் பெருவிரலால் அதைத் துடைத்துவிட்டார்.

அத்தனை பேருக்கும் முன்னால்.

3

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். இந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை.]

இங்கே டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் நான் அறிந்த கோணேஸ்வரன் கடைக்குப் போனாலும் எனக்கு நாலடி முன்னால்தான் நடப்பார். தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் டெனிஷ்காரர் வெள்ளிக்கிழமை பியருக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்பார். கேட்டால், "எங்கட ஆக்கள் கண்டால் என்ன கதைப்பினம்?"

இந்த ஊரில் எங்கட ஆக்கள் எத்தனை வீடு? அந்த நாலைந்து வீட்டு யன்னல்களுக்குப் பயந்து ஒரு மனிதன் தன் சிரிப்பை—

[இந்த வசனத்தை முடித்தால் அழுவேன். அழ எனக்கு விருப்பமில்லை.]

கோபம் குகநேசனில் மட்டுமில்லை, செத்துப்போன இவரிலும்தான். இஞ்சாருங்கோ, பப்பில சிரிச்ச அந்த மனிசனை ஏன் அங்கேயே விட்டிட்டு வந்தனீங்கள்? அவரோடையும் கொஞ்சக் காலம் நான் குடும்பம் நடத்தியிருக்க மாட்டனோ?

4

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து அவர் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். (மீன், இறைச்சி என்று மச்சமும் படைக்கலாம். குடித்தவர் என்றால் குடியும் வைப்பார்கள். இது நான் கண்டுபிடித்ததல்ல.) மட்டிச் சூப்பும் கறுத்த பியரும் வைக்கப்போகிறேன் என்று நேற்றுச் சொன்னேன்.

"என்ன அண்ணி இது? அண்ணை கோயில் நிர்வாகத்தில இருந்த மனிசன். மரக்கறியா வைப்பம்."

"அவருக்குப் பிடிச்சதுதானே தம்பி படைக்கிறது?"

"ஓம், அது சரி. ஆனால் ஆக்கள் வருவினமெல்லே?"

"ஆக்களுக்கோ படைக்கிறம்?"

"உங்களுக்கு இப்ப மனம் சரியில்லை. பிறகு கதைப்பம்."

அதற்கு முன்னம்தான் அந்த வசனத்தைச் சொன்னார். அண்ணனோடு ஒரு மேசையில் இருந்து சிரித்தறியாத தம்பி எனக்குச் சொல்கிறார், அண்ணன் எப்படியான ஆள் என்று.

5

முடிவு ஒன்று: மரக்கறி படைக்கிறோம். வந்தவர்கள் "தங்கமான மனிசன், ஒரு துளி தொட்டதில்லை" என்கிறார்கள். நான் தலையாட்டு—

கை எழுத மறுக்கிறது.

முடிவு இரண்டு: கிளாசைக் கண்ட குகநேசன் கண் கலங்கி, "அண்ணை அங்க சிரிச்சவரோ, அண்ணி?" என்று கேட்கிறார். [அழகான முடிவு. பொய். அவர் கேட்கமாட்டார்.]

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. சூப் இறக்கியாயிற்று. பியரை ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். வாசலில் கார்கள் வந்து நிற்கின்றன. குகநேசனின் குரல் கேட்கிறது. கதவைப் பூட்டவில்லை.

வாசிக்கிறவரே, நீங்களும் அவர்களோடுதான் உள்ளே வருகிறீர்கள். அந்தக் கிளாசை எடுத்து மறைக்கப்போவது யார் என்று நீங்களே எழுதுங்கள்.

நான் எடுக்கமாட்டேன்.