துவைக்கப் போன கம்பளம்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் குரல் இப்போதெல்லாம் அவ்வளவு தூரம் போவதில்லை. ஒரே கல்லின் மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். இதில் என்ன கதை என்று நினைப்பீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று முடிவில் நீங்களே சொல்வீர்கள்.

அவள் பெயர் அசிமினா. பழைய மெஸ்ஸீனி நகரத்தின் இடிபாடுகள் பள்ளத்தாக்கில் கிடக்கின்றன அல்லவா, அதற்கு மேலே மலைச்சரிவில் எங்கள் ஊர். ஊர் நடுவில் ஊற்று. ஊற்றிலிருந்து மூன்றாவது வீடு அவளுடையது. முற்றத்தில் திராட்சைப் பந்தல், பந்தலைத் தாண்டி ரொட்டி அடுப்பு, அடுப்பை ஒட்டி ஒரு கல். கைநீளம் இருக்கும். மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பில் வரிவரியாக எழுத்து.

அறுபது வருஷத்துக்கு முன் அவள் மாமனார் அதைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவந்தார், சூடான ரொட்டித்தட்டை இறக்கிவைக்கத் தோதாக இருக்கும் என்று. அசிமினா மணமாகி வந்த அன்று மாமியார் முதலில் காட்டியது அடுப்படியை அல்ல, இந்தக் கல்லைத்தான். காட்டிவிட்டு, கிழிசல் கம்பளித் துணிகளில் நெய்த கம்பளம் ஒன்றை அதன் மேல் விரித்தாள்.

"இது எப்பவும் இதுக்கு மேலயே கிடக்கணும். யாரும் கேட்டா, சாதாரண கல்லுன்னு சொல்லு. கேக்காட்டி அதையும் சொல்லாதே."

ஏன் இந்தப் பயம் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். எதிர்வீட்டு ஃபோதிஸைப் பார்த்தால் போதும். கழிவறைக்குக் குழி தோண்டினான், முழங்கால் உயரத்துக்கு ஒரு பழைய சுவர் வந்தது. நல்ல பிள்ளையாகத் தொல்பொருள் அலுவலகத்தில் போய்ச் சொன்னான். வந்து வேலி போட்டார்கள். பதினோரு வருஷம் ஆகிறது, வேலிக்குள் புல் முளைத்திருக்கிறது, ஃபோதிஸ் இன்னும் மாமனார் வீட்டில்தான் படுக்கிறான்.

அசிமினாவுக்கோ அந்த வருஷம் செப்டம்பரில் மகள் லெமொனியாவின் கல்யாணம். பெண்ணுக்கு வீட்டின் மேலே ஒரு மாடி கட்டிக் கொடுப்பது இங்கே வழக்கம். மாடிக்கென்று கூரையில் விட்டுவைத்த இரும்புக் கம்பிகள் லெமொனியா பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஒருவழியாக அனுமதி வந்து, திங்கட்கிழமை கொத்தனார் வருவதாக இருந்தது. இது நடந்தது அதற்கு முந்திய சனிக்கிழமை.

காலையில் நாத்தனார் கனெல்லா தன் வீட்டுக் கம்பளங்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஊற்றுக்குப் போனவள், எட்டிப் பார்த்து, "இதுவும் நாறுதே அண்ணி" என்று கல்லின் மேலிருந்ததையும் உருவிக்கொண்டு போய்விட்டாள். அசிமினாவின் இரண்டு கையிலும் மாவு. காலை நேரத்தில் யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். ரொட்டியை அடுப்பில் தள்ளி மூடியபோது வாசலில் கணவன் லாம்ப்ரோஸின் குரல் கேட்டது.

"உள்ள வாங்க, உள்ள வாங்க, நம்ம வீடுதான். அசிமினா, ஆளுங்க வந்திருக்காங்க."

அவனுக்குப் பின்னால் தலைகள், தொப்பிகள், முதுகுப்பைகள். இருபத்திரண்டு மாணவர்கள், அவர்களை அழைத்துவந்த பேராசிரியை.

"கீழ இடிபாட்டுக்குப் போற கேட்டு பூட்டியிருக்கு. காவலுக்கு இருக்கறவங்களுக்குச் சங்கக் கூட்டமாம், பன்னெண்டுக்குத்தான் திறப்பாங்களாம். காபிக்கடையும் சாத்தியிருக்கு, கடைக்காரன் அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம். பாவம், வெயில்ல நிக்குதுங்க. பழைய கல்லுல எழுதியிருக்கறதைப் படிக்கிற படிப்பாம். அதுக்குன்னே வடக்கேருந்து பஸ்ல வந்திருக்காங்க."

மற்ற எந்தப் படிப்பையாவது படித்திருக்கக் கூடாதா இந்தப் பிள்ளைகள். அசிமினா கல்லைப் பார்த்தாள். அது பட்டப்பகலில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. முதல் மாணவன் பந்தலுக்குள் கால் வைப்பதற்குள் நாலே எட்டில் போய் அதன் மேல் உட்கார்ந்து, பாவாடையையும் மேலங்கியையும் சுற்றிலும் பரப்பிவிட்டாள்.

"நல்வரவு," என்றாள். "உக்காருங்க. ஏ மனுஷா, காபி போடு."

"நானா?"

"பின்ன யாரு, மேயரா?"

லாம்ப்ரோஸ் அவளைப் பார்த்தான், அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான், முகம் வெளுத்து உள்ளே ஓடினான். முப்பத்தைந்து வருஷத்தில் அவன் காபி போட்டதே இல்லை. சற்று நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. அசிமினாவின் முழங்கால் தானாக எழப் பார்த்தது. அவள் அதைக் கையால் அழுத்திப் பிடித்தாள். விருந்தாளிகள் நிற்க, வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள். இந்த வெட்கத்தை அவள் தாயார் பார்த்திருந்தால் கல்லறையில் திரும்பிப் படுத்திருப்பாள்.

மிர்த்தோ என்றொரு பெண் துடியாக இருந்தாள். "நான் போடறேன் அத்தை, சாமான் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று கிளம்பினாள். அசிமினா கல்லில் இருந்தபடியே வீட்டை நடத்தினாள். இரண்டாவது தட்டில், உப்புக்குப் பின்னால். பாகில் போட்ட நாரத்தைத்தோல் நீல மூடி ஜாடியில். இல்லை, அந்தக் கரண்டி இல்லை, நல்ல கரண்டி. காலையில் மாவைத் திரித்துப் பொரித்த லலாங்கியா கூடையில் இருக்கிறது, மேலே தேன் ஊற்று, கஞ்சத்தனம் பண்ணாதே.

"கால்ல என்ன அத்தை?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நெட்டைப் பையன். "பிடிச்சுக்கிட்டதா? எங்க அண்ணன் பிசியோதெரபி பண்றான், எனக்கும் கொஞ்சம் தெரியும். எழுந்து நில்லுங்க, பாக்கறேன்."

"தொட்டா கத்துவேன் ராசா. நீ லலாங்கியா சாப்பிடு."

வெயில் நகர்ந்தது. பந்தல் நிழல் அவளை விட்டுவிட்டு மாணவர்கள் பக்கம் போனது. முன்னால் வெயில், முதுகுக்குப் பின்னால் அடுப்பு. இடையில் அவள், இன்னொரு ரொட்டி மாதிரி. எல்லோரும் நிழலில் தனக்கு இடம் விட, அவள் எல்லோருக்கும் நன்றி சொல்லி அங்கேயே இருந்தாள். கண் மட்டும் தெருவாசலில். கனெல்லா, எங்கேடி இருக்கிறாய். ஊற்றில் இருக்கிற தண்ணீர் முழுவதையுமா துவைக்கிறாய்.

பேராசிரியை எவ்தோகியாவுக்கு ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. சும்மா இருக்கத் தெரியாதவள். "பன்னெண்டு மணி வரைக்கும் வீணாக்குவானேன், பாடத்தை இங்கயே வெச்சுக்கலாம். அக்கா, உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?" என்று கேட்டுவிட்டுத் தாள்களை விநியோகித்தாள். கீழே கிடங்கில் இருக்கும் ஒரு கல்வெட்டின் படம். மரியாதைக்கு அசிமினாவின் கையிலும் ஒன்று.

எவ்தோகியா வாசித்தாள். "'ஊற்றிலே ஒருவரும் ஆட்டுத்தோல் அலசலாகாது. கம்பளி துவைக்கலாகாது. எவராவது துவைத்தால்...' அவ்வளவுதான். இதுக்கு மேல உடைஞ்சு போச்சு. துவைச்சா என்ன? யாராவது சொல்லுங்க."

"சவுக்கடி," என்றான் நெட்டையன்.

"ஒரு கம்பளிக்கா? ஊரைவிட்டுத் துரத்தியிருப்பாங்க."

"அதுக்கு சவுக்கடியே தேவலையே. கோயிலுக்கு ஒரு ஆடு," என்றாள் மிர்த்தோ.

"ஆளாளுக்கு சொல்றீங்க. நானும் அப்படித்தான்," என்றாள் எவ்தோகியா. "பதினாலு வருஷமா இந்த மீதிப் பாதி எங்கேன்னு தேடறேன். கனவுலகூட ஒரு தடவை படிச்சேன். விடிஞ்சா மறந்து போச்சு."

அசிமினா தாளைப் பார்த்தாள். எழுத்தை அவள் படிக்கவில்லை, உடைந்த ஓரத்தைப் பார்த்தாள். படத்தில் இருந்த கல்லின் கீழ் ஓரத்தில் ஆட்டுக்காது மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய கல்லின் மேல் ஓரத்தில் ஆட்டுக்காது அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. முப்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சோப்புத் துணியை அந்தப் பள்ளத்துக்குள் விட்டுத் துடைக்கிறவள் அவள்தானே.  பாவாடைக்கடியில் மெல்ல விரலை விட்டுத் தடவினாள். காது அங்கேதான் பொருந்தும்.

அப்போது அவளுக்கு இருந்த அவஸ்தையை நான் எப்படிச் சொல்வேன். ஒரு பக்கம் ஃபோதிஸின் வேலி, அதற்குள் முளைத்த புல். லெமொனியாவின் கம்பிகள் இன்னொரு இருபது வருஷம் வானத்தைப் பார்க்கும். இன்னொரு பக்கம், கேட்டது வீட்டில் இருக்கும்போது இல்லை என்று சொல்லி அவள் எந்த விருந்தாளியையும் அனுப்பியதில்லை. உப்போ எண்ணெயோ, கடைசி முட்டையோ, இருந்தால் எடுத்துக் கொடுப்பாள். இந்தப் பெண்பிள்ளை பதினாலு வருஷமாகக் கேட்கிறாள். அசிமினாவோ அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு நாரத்தைத்தோல் நன்றாக இருக்கிறதா என்று விசாரிக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கனெல்லா வந்தாள், தோளில் ஈரக் கம்பளம், கணுக்கால்வரை தண்ணீர்.

"அடேங்கப்பா, கல்யாணம் இன்னைக்கேவா? அண்ணி, உன் கம்பளத்துல இருந்த அழுக்குல ஒரு தோட்டமே போடலாம். ஊத்துல அரைமணி நேரம் அடிச்சேன்."

இருபத்திரண்டு பிள்ளைகளும் வெடித்துச் சிரித்தார்கள். கனெல்லா தன் உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள், ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று.

"ஊத்துல கம்பளி துவைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு அத்தை," என்றாள் மிர்த்தோ. "ரெண்டாயிரம் வருஷமா."

"எவன் போட்டான் அந்தச் சட்டத்தை? நம்ம தலைவரா?"

"அவருக்கு முந்தின ஆளு."

"சரி, துவைச்சாச்சு. என்ன பண்ணுவாங்களாம் என்னை?"

"அதான் யாருக்கும் தெரியல," என்றாள் எவ்தோகியா சிரித்துக்கொண்டே. ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை அசிமினா பார்த்தாள். எவ்தோகியா தாளை மடித்து, மணியைப் பார்த்தாள். "பன்னெண்டு ஆகப்போகுது. கிளம்பலாம் பிள்ளைகளா. அக்காவுக்கு நன்றி சொல்லுங்க."

கனெல்லா கம்பளத்தை அண்ணி மடியில் போட்டாள். கனமாக, சில்லென்று. இனி என்ன, எழுந்திருக்கும்போதே விரித்துவிடலாம். உலர வைக்கிறேன் என்றால் யார் கேட்கப்போகிறார்கள். உள்வாசலில் லாம்ப்ரோஸ் நின்றான், தலையை மேலும் கீழும் ஆட்டினான், விரி விரி என்று. எவ்தோகியா விடைபெற்று முத்தமிட அருகில் வந்து, அசிமினாவின் கால்வலிக்காகத் தானே குனிந்தாள்.

குனிந்த அந்தத் தலையைப் பார்த்ததும் அசிமினாவுக்குப் பொறுக்கவில்லை. "இருங்க டீச்சரம்மா," என்று எழுந்தாள். கம்பளத்தைத் தூக்கிப் போய்க் கொடியில் போட்டாள். கல்லுக்கு முதுகு காட்டிக்கொண்டு, கம்பளத்தின் ஓரங்களை நிதானமாக நீவிச் சரிசெய்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

 முதுகுக்குப் பின்னால் யாரோ தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. எவ்தோகியாதான், நல்ல கால்சட்டையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியை மாட்டினாள், கழற்றினாள், துடைத்தாள், மறுபடி மாட்டினாள்.

"எங்கேருந்து வந்தது இது?" என்று கேட்டாள்.

"ஆத்துக் கல்லு," என்றான் லாம்ப்ரோஸ்.

"அவரை விடுங்க," என்றாள் அசிமினா. "மாமனார் கொண்டுவந்தது. கீழ நாடக அரங்குக்குப் பின்னாடி எங்க வயல் இருந்தது, அதைப் பிற்பாடு அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அங்கேருந்து. மறைச்சது நாங்க. திங்கட்கிழமை கொத்தன் வரான் டீச்சரம்மா. பொண்ணுக்கு மாடி."

எவ்தோகியா அண்ணாந்து கூரைக் கம்பிகளைப் பார்த்தாள். "அந்த வயல்லதான் மத்த பாதியும் கிடைச்சது. கல்லு உங்க முற்றத்தோடது இல்ல அக்கா, வந்து தங்கினது. ஆனா நான் எழுதித்தான் ஆகணும். வந்து தோண்டிப் பார்ப்பாங்க. எத்தனை நாளாகும்னு என்னால சொல்ல முடியாது. நீங்களாவே காட்டினீங்கன்னு முதல் வரியில எழுதறேன்."

"எழுதுங்க," என்றாள் அசிமினா. "முதல்ல இவளுக்கு என்ன தண்டனைன்னு சொல்லுங்க."

எவ்தோகியா விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். "'துவைத்தவர் அடிமையாயின் அடிபடட்டும். சுதந்திரராயின், ஊற்றிலிருந்து சந்தைவரை வாய்க்காலைத் தம் கையாலேயே முப்பது நாள் சுத்தம் செய்யட்டும்.'"

"முப்பது நாளா?" என்றாள் கனெல்லா. "என் முழங்காலுக்கா? அடிமைன்னே எழுதிக்கோங்கம்மா."

அவர்கள் அன்று பன்னிரண்டு மணிக்குக் கிளம்பவில்லை. ரொட்டியை எடுத்து, வெள்ளைப் பாலாடைக்கட்டியோடு எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தாள் அசிமினா, தன் கையாலேயே, நடந்து நடந்து. கால்வலி எங்கே போயிற்று என்று நெட்டையன் கேட்டதற்கு, "நீ வந்த யோகம்" என்றாள்.

கொத்தனார் திங்கட்கிழமை வந்து திரும்பிப் போனார். அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள், முற்றத்தில் மூன்று குழி தோண்டினார்கள். ஒரு தகரக் கரண்டியும், அந்தக் கோவேறு கழுதையின் லாடமும்தான் கிடைத்தன. மாடி கட்டலாம் என்ற தாள் வர ஜனவரி ஆயிற்று. லெமொனியாவின் கல்யாணம் சொன்னபடி செப்டம்பரில் நடந்தது. புதுத் தம்பதிக்கு முன்னறையைக் கொடுத்துவிட்டு, அசிமினாவும் லாம்ப்ரோஸும் அந்தக் குளிர்காலம் முழுக்க சமையலறையில் படுத்தார்கள். லாம்ப்ரோஸ் ஒவ்வொரு இரவும் முனகினான். ஆனால் காபி போடக் கற்றுக்கொண்டான். வசந்தத்தில் மாடிச்சுவர் எழுந்தது.

கல் இப்போது கீழே, தன் மறுபாதியோடு, காது பள்ளத்தில் பொருந்தி நிற்கிறது. பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்தி வாசித்துக் காட்டுகிறார்கள். கனெல்லா இன்னும் ஊற்றில்தான் துவைக்கிறாள். ஆனால் துவைத்து முடித்ததும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வாய்க்காலிலிருந்து நாலு கை சருகை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் போகிறாள்.

கதை முடிந்தது கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கூரைக் கம்பிகள் துருப்பிடிக்கும் முன் சுவர் எழட்டும். வருகிற விருந்தாளிக்கு நிழலில் இடமும் நல்ல கரண்டியும் இருக்கட்டும். உங்கள் வீட்டில் துணி போட்டு மூடிவைப்பது பொங்கி வரும் ரொட்டி மாவாக மட்டுமே இருக்கட்டும்.