இந்தப் பக்கம் வாங்க

மாநகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை என் மனைவி மூன்று முறை படித்தாள். நான் நான்கு முறை படித்தேன். அக்காவையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னோம். மூன்று பேருக்கும் மூன்று அர்த்தம் வந்தது.

எங்கள் குடியிருப்பை இடித்துவிட்டு உயரமாகக் கட்டப் போகிறார்கள், இப்போது இருப்பவர்களுக்கு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் தருவார்கள். அதுவரைக்கும் தகராறு இல்லை. அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது: 'உட்திறப்பால் இணைந்த அடுத்தடுத்த அலகுகள் ஒரே அலகாகக் கொள்ளப்படும்.' உட்திறப்பு என்றால் நடுச்சுவரில் வைத்த வழியாம், அலகு என்றால் வீடாம். வீடு என்றே எழுதினால் கை சுளுக்கிவிடுமா என்று தெரியவில்லை.

உட்திறப்பு வைத்தது நான்தான். நான் கொத்தனார். எனக்கு இருபத்தொன்றாம் எண் வீடு, அக்காவுக்குப் பக்கத்து இருபத்திரண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அத்தான் இறந்துபோனார். அடுத்த மாதமே அக்கா இரண்டு நாள் காய்ச்சலில் உள்ளே தனியாகக் கிடந்தாள். ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். விஷயம் தெரிந்த அன்றைக்கே சுவரை உடைத்து வழி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அக்காவின் வாசல் கதவுக்கு வேலையே இல்லாமல் போனது. அதை மறைத்து பீரோவை நிறுத்திவிட்டோம். யார் அந்தக் கதவைத் தட்டினாலும் நான் என் கதவைத் திறந்து, "இந்தப் பக்கம் வாங்க" என்பேன். தபால்காரர், மீட்டர் பார்க்கிறவர், அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் பெண்கள், எல்லாரும் என் வீட்டு வழியாகத்தான் அக்காவிடம் போனார்கள்.

இப்போது அந்த வழியால் இரண்டு வீடும் ஒரு வீடு. அப்படியென்றால் நான், மனைவி, இரண்டு பெண்கள், அக்கா, ஐந்து பேருக்கும் சேர்த்து ஒற்றை அறை வீடு ஒன்று. அக்காவுக்கென்று பாய் விரிக்கக்கூட இடம் இருக்காது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அலுவலகம் போனேன். முதல் கவுன்ட்டரில் இருந்த அம்மா, "அடைச்சிடுங்க. ஆய்வுக்கு வர்ற அன்னைக்கு எப்படி இருக்கோ அதைத்தான் எழுதுவாங்க" என்றார். வாசல்வரை வந்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது கவுன்ட்டரிலும் கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கணக்கெடுப்புக்கு அப்புறம் செங்கல் வச்சா அது அனுமதியில்லாத கட்டுமானம்" என்றார் அங்கே இருந்தவர்.

"கணக்கெடுப்பு எப்ப சார் நடந்துச்சு?"

"நடந்துச்சான்னு மூணாவது கவுன்ட்டர்லதான் கேக்கணும்."

மூன்றாவது கவுன்ட்டரில் ஆள் இல்லை. நாற்காலி முதுகில் ஒரு சட்டை மட்டும் தொங்கியது. அதனிடம் கேட்டிருந்தால் அதுவும் ஒரு பதில் சொல்லியிருக்கும். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

அக்கா அதிகம் பேசமாட்டாள். அன்றைக்குத்தான் சொன்னாள்: "அடைச்சிடு தம்பி. புது வீட்ல எனக்குன்னு ஒரு கதவு இருக்கட்டும். சாவி என் கையில இருக்கணும்னு ஆசையா இருக்கு."

பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நான் அடைத்தேன். செங்கல் வைத்து, இரண்டு பக்கமும் பூசி, மட்டம் பார்த்து, பழைய சுவரோடு இழைந்து போகும்படி தேய்த்தேன். பீரோவை நகர்த்தி அக்காவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன். காலையும் மாலையும் பூச்சுக்குத் தண்ணீர் அடித்தேன்.

"காய விடுங்களேன், ஆபீசர் வரப்போறாரு" என்றாள் மனைவி.

"தண்ணி காட்டலைன்னா பூச்சு வெடிச்சிடும்டி."

"இடிக்கப்போற சுவருக்கு வெடிச்சா என்ன, வெடிக்கலைன்னா என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் புதுப் பூச்சைக் காயப்போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. கையில் ஊறிப்போன புத்தி.

ஆய்வாளர் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். எங்கள் ஏற்பாடெல்லாம் கச்சிதம். அக்கா அவள் வீட்டில், நாங்கள் எங்கள் வீட்டில். அவர் தட்டுவார், அவள் திறப்பாள், இரண்டு வீடு என்று எழுதிக்கொண்டு போவார். அவ்வளவுதான் வேலை.

முதலில் இருபத்திரண்டைத் தட்டினார். அக்கா திறக்கவில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் சத்தமில்லை. "ஆள் இல்லையா? காலி வீடுன்னு எழுதிடவா?" என்று அவர் யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது. காலி என்று எழுதிவிட்டால் அக்காவுக்கு ஒன்றுமே கிடையாது. பதறியடித்து என் கதவைத் திறந்தேன்.

"இருக்காங்க சார். இந்தப் பக்கம் வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். என் கை வேறு சுவரைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். ஈரம். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"இந்த வழியாத்தான் போய் வந்தீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவர் எழுதிக்கொண்டார்.

"ஒரே அலகு. மேல்முறையீடு பண்ணலாம்."

"எங்க சார் பண்ணணும்?"

"மூணாவது கவுன்ட்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் வெளியே ஓடிவந்து பார்த்தேன். இருபத்திரண்டின் கதவு திறந்திருந்தது. வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நல்ல புடவை கட்டி, தலை வாரி, கையில் சாவியை வைத்திருந்தாள்.

"ஏன்க்கா உடனே திறக்கல?" என்றேன். குரல் எழும்பிவிட்டது. என் தப்பை அவள் தலையில் கட்டப் பார்த்தேன்.

"தட்டின உடனே பழக்கத்துல சுவர்கிட்ட போயிட்டேன். நீ திறப்பேன்னு நின்னேன். அப்புறம்தான் ஞாபகம் வந்து இங்க ஓடி வந்தேன். தாழ்ப்பாள்ல கை வச்சேன் தம்பி. அதுக்குள்ள நீ கூப்பிட்டுட்ட."

எதிர்வீட்டு வாசலில் ஆய்வாளர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பதினோரு வருஷமா என் கதவை யார் தட்டினாலும் நீதான் திறந்த" என்றாள் அக்கா. "இன்னைக்கு ஒரு நாள் என்னைத் திறக்க விட்டிருக்கலாம்."

உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். எண்ணெய் விட்ட தாழ்ப்பாள், சத்தமே வரவில்லை. நான் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். பதினோரு வருஷமாக அந்தக் கதவை நான் தட்டியதே இல்லை. எப்படித் தட்டுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.