முதிரைக் கதவு

என் ராத்தா பல்கீஸை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவார். வாப்பாவுக்கு இரண்டு பெண்கள், ஒரு வீடு. திருகோணமலையில், கிழக்கே கடலும் மேற்கே துறைமுகமுமாக, நடுவில் நீளமாகக் கிடந்த வீடு அது. என் கலியாணத்தோடு அதை இரண்டாகப் பிரித்தார். மூத்தவள் என்பதால் எந்தப் பாதி வேண்டும் என்று ராத்தாவிடம்தான் முதலில் கேட்டார். அன்றைக்குக் கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. கந்தளாய்க் காடெல்லாம் கடந்து மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு முன்னால் நின்றால் அடுப்பு வாயில் நின்ற மாதிரி இருக்கும். ராத்தா இரண்டு பக்கமும் போய் நின்று பார்த்தாள். கிழக்கில் கடற்காற்று சிலுசிலுவென்று வந்தது. "எனக்கு இந்தப் பக்கம்" என்றாள். மேற்கு என் தலையில் விழுந்தது. மாரியில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லாருக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது.

நடுச்சுவரில் ஒரு வாசல் இருந்தது. கதவில்லை, ஒரு சீலைதான் தொங்கும். பின்னேரங்களில் கடற்காற்று ராத்தா வீட்டுக்குள் நுழைந்து, அந்த வாசலால் என் வீட்டுக்குள் வந்து, மேற்கு யன்னலால் வெளியே போகும். எனக்குக் கிடைத்த குளிர்ச்சி அவ்வளவுதான். என் பாதியின் கூரையோ தகரம். வெள்ளைக்கார நேவி ஊரைவிட்டுப் போனபோது மலிவாகக் கிடைத்த தகரம். கப்பலில் மூட்டை இறக்குகிற என் புருசன் ஸெய்னுதீனுக்கு ஓடு வாங்க வசதி இருக்கவில்லை.

ராத்தாவின் புருசன் ஜவாஹிர் மச்சான் மரக்காலை வைத்துப் பலகை விற்றவர். கையில் காசு புரளத் தொடங்கியதும் வீட்டுக்குக் கரண்ட் எடுத்தார். மேசை ஃபேன் ஒன்று வாங்கினார். பிறகு அந்த நடுவாசலுக்கு முதிரைப் பலகையில் ஒரு கதவு போட்டார். கொண்டி அவர்கள் பக்கம்.

"ஏன் ராத்தா இப்ப ஒரு கதவு?" என்று கேட்டேன்.

"உன்ட தகரக் கூரையின்ட வெக்கையெல்லாம் என்ட வீட்டுக்குள்ள வருகுது. கரண்டுக்குக் காசு கட்டுறது நாங்க. ஃபேன் காத்து உன்ட பக்கம் போறதுக்கா?"

அந்தக் கச்சானில் என் மகள் அசனாவுக்கு மூன்று வயது. உடம்பு முழுக்க வேர்க்குரு போட்டது, பிறகு கொப்புளம், பிறகு காய்ச்சல். ஒரு மத்தியானம் பிள்ளையின் கண் மேலே செருகிவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"ராத்தா, கொஞ்ச நேரம் பிள்ளைய உங்கட பக்கம் கிடத்துறன். கதவத் திறங்க."

உள்ளே ஃபேன் சுழலும் சத்தம் கேட்டது. ராத்தாவின் காப்புச் சத்தமும் கிட்டத்தில் கேட்டது.

"இப்பதான் அவர் கண்ணயர்ந்தவர். பிறகு வா."

நான் பிறகு போகவில்லை. பிள்ளையை ஈரச் சீலையில் சுற்றிக்கொண்டு கிணற்றடியிலேயே குந்தியிருந்தேன். அல்லாஹ் காப்பாற்றினான். அடுத்த நாள் உம்மாவின் பழைய அலுமாரியை இழுத்து அந்தக் கதவுக்கு முட்டாக வைத்தோம். ஸெய்னுதீனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது, கொஞ்சம்தான்.

ஃபேன் வாங்க எனக்கு வழியில்லை. ஆனால் ரோசத்துக்குக் குறைவில்லை. தகரத்துக்கு மேல் இரண்டு அடுக்குத் தென்னங்கிடுகு வேய்ந்தோம். மேற்குச் சுவரோரம் பந்தல் போட்டுப் பீர்க்கங்கொடி ஏற்றினேன். கச்சான் காலத்தில் வெயில் ஏறுமுன் மேற்கு யன்னலை அடைத்து, நனைத்த சாக்கைத் தொங்கவிடுவேன். பொழுது சாய்ந்த பிறகுதான் திறப்பேன். செலவு கிடுகுக் காசு மட்டும். சாக்கைப் பிழியும்போதெல்லாம் ராத்தாவை நினைத்துக்கொண்டு பிழிந்தேன். அதனால் நன்றாகப் பிழிந்தேன்.

மாரி வந்ததும் கதை மாறும். மழை கடலிலிருந்து நேரே ராத்தாவின் முகப்பில் வந்து அறையும். யன்னலுக்கெல்லாம் படங்கு கட்டியும் உள்ளே தண்ணீர் நிற்கும். என் பாதியோ காற்றுக்கு மறைவு. கிடுகுக் கூரைக்குக் கீழே கோழி அடைகாக்கும் கூடு மாதிரிக் கதகதப்பாக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ராத்தா தண்ணீரைக் கூட்டித் தள்ளும் சத்தத்தை, இஞ்சித் தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். தேத்தண்ணிக்குச் சீனி தேவைப்படாது.

ஏழெட்டு வருசம் இப்படிப் போனது. ராத்தாவின் மகள் றுக்கியா கலியாணம் கட்டி, நடு மாரியில் பிள்ளை பெற்றாள். பெற்ற மூன்றாம் நாள் ஊரையே கரைத்துவிடுகிற மாதிரி மழை. கூடவே காற்று. ராத்தா வீட்டு ஓடு சரிந்து பிள்ளைப்பேற்று அறைக்குள்ளேயே ஒழுகியது. கரண்டும் இல்லை, இருந்தாலும் ஃபேனைப் போட்டுக் குளிர் காயவா முடியும்?

விடியற்காலையில் அலுமாரிக்குப் பின்னால் கொண்டி இழுபடும் சத்தம் கேட்டது. கதவு அவர்கள் பக்கம் திறந்தது. ராத்தாவுக்குத் தெரிந்தது என் அலுமாரியின் முதுகு மட்டும்தான்.

"ஸல்ஹா! தங்கச்சி! இதக் கொஞ்சம் தள்ளன் புள்ள. குழந்தை விறைச்சுப் போகுது. உன்ட அறைக்குள்ள கிடத்தோணும். இந்த மழைக்குள்ள ரோட்டால சுத்திக் கொண்டுவர ஏலாது."

என் வாயில் அந்த வார்த்தை ஏழெட்டு வருசமாக ஊறிக்கொண்டிருந்தது.

"இப்பதான் அவர் கண்ணயர்ந்தவர். பிறகு வாங்க."

ஸெய்னுதீன் பாயில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ராத்தா அழுதாள். அந்த அழுகையை நான் ருசித்துக் கேட்டேன், பொய் சொல்லத் தெரியாது எனக்கு. ஆனால் அதற்குள்ளிருந்து இன்னொரு அழுகை வந்தது. பூனைக்குட்டி மாதிரி மெலிந்த சத்தம். அது என்னோடு ஒரு வழக்கும் வைத்துக்கொள்ளாத பிள்ளை.

"அலுமாரியத் தள்ளுறன்" என்றேன். "கதவக் கழட்டித் தாங்க. பிணைச்சலோட. மச்சானே கழட்டட்டும்."

"கதவு என்னத்துக்கடி?"

"குழந்தைக்குத் தணல் சட்டி வைக்கோணும். என்ட விறகெல்லாம் நனைஞ்சு கிடக்குது. காய்ஞ்ச மரமெண்டு அதுதான் இருக்குது."

ஜவாஹிர் மச்சான் கத்தினார். "முதிரைய எரிக்கிறதா? இவளுக்கு என்ன விசரா? பொழுது விடியட்டும், மரக்காலையில இருந்து விறகு கொண்டுவாறன்!"

"கொண்டுவாங்க மச்சான். அதுவரைக்கும் குழந்தைக்கு ஃபேனப் போட்டு வைங்க."

"கழட்டுங்க!" என்று ராத்தா வீரிட்டாள். புருசனைப் பார்த்து அவள் குரல் உயர்த்தியதை அன்றுதான் கேட்டேன்.

கழற்றினார். நாங்கள் அலுமாரியை நகர்த்தினோம். றுக்கியாவையும் குழந்தையையும் நானே கைத்தாங்கலாகக் கூட்டிவந்து என் கட்டிலில் கிடத்தினேன். பின்னாலேயே மச்சான் கதவை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அவர் திரும்பிப் போகுமுன் கோடாலி இருந்த மூலையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், நான் குழந்தையைப் பார்த்தேன். என் குசினிக்குள் அடுப்படியில் நின்று, தான் இழைத்த பலகையைத் தானே பிளந்தார்.

முதிரை நல்ல மரம், நின்று எரியும். தணல் சட்டியைக் கட்டிலுக்கு எட்ட வைத்தேன். மத்தியானத்துக்குள் குழந்தையின் உதடு சிவந்துவிட்டது. ராத்தா என் கையைப் பிடிக்க வந்தாள். நான் சட்டிக்கு இன்னொரு துண்டு எடுத்துப் போடப் போய்விட்டேன்.

நாற்பது நாள் கழிந்து றுக்கியா தன் பக்கம் போனாள். மாரி ஓய்ந்து மறுபடி கச்சான் வந்தது. ஒரு பின்னேரம் ஜவாஹிர் மச்சான் அளவு நாடாவோடு வந்து, வாசலின் அகலத்தை அளக்கத் தொடங்கினார். வெக்கை உள்ளே வருகிறதாம். ராத்தா அவருக்குப் பின்னால் நின்றாள்.

"போடுங்க மச்சான்" என்றேன். "முதிரையிலயே போடுங்க. மாரி வரும்தானே, விறகு தேவைப்படும்."

அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார். கடற்காற்று ராத்தா வீட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தது. அசனா அந்த வாசலுக்கு நேரே பாயைப் போட்டுப் படுத்தாள். நான் ஒரு சீலைகூடக் கட்டவில்லை.