ராகுகாலத்தில் வந்த பெட்டி

"கொண்டுவந்தவனுக்கு முன்னாலையே திறந்து பார்த்திருக்கலாம்தானே?"

"கத்தாதையும் சுதா, அப்ப ராகுகாலம்..."

"ராகுகாலத்திலை காசு மட்டும் குடுக்கலாமோ?"

இணையத்தில் படம் பார்த்து வாங்கிய மடிக்கணினி அன்று முற்பகல்தான் உருத்திரபுரத்துக்கு வந்திருந்தது. சிவகரன் காசைக் கொடுத்து, ஆளை அனுப்பிவிட்டு, பெட்டிக்குக் குங்குமம் வைத்துச் சாமிப்படத்தின் கீழே வைத்துவிட்டான். வேலையால் வந்து ஆசையோடு பெட்டியைத் திறந்த சுதாஜினிக்குக் கிடைத்தது, பழந்துணியில் சுற்றிய கூரை ஓடு. விற்றவனின் தொலைபேசியோ அணைந்து கிடந்தது.

"நல்ல மாதிரித்தான் கதைச்சவன். கொக்கிளாய் எண்டும் சொன்னவன்."

"ஊரைச் சொன்னால் காணுமே உங்களுக்கு? நாளைக்கு ஆரைப் பிடிக்கிறது?"

"வேறை ஒண்டு வாங்குவமப்பா."

"எப்ப? சோதினை முடிஞ்ச பிறகோ?"

வேலைக்கும் குசினிக்கும் நடுவில் அவள் மூன்று வருடம் படித்த பட்டப்படிப்பு அது. கடைசித் தேர்வு மறுநாள் காலை; வீட்டிலிருந்து கணினியில்தான் எழுதவேண்டும். அவள் ஓட்டைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

"விடிஞ்சால் சோதினை. நான் இதிலையோ எழுதுறது? சொல்லுங்கோ!"