ஆம்ப்புக்கு நேர் எதிரே

பதினான்காம் தேதி, சனிக்கிழமை. இன்று ஒரு சிறு தவறு நடந்துவிட்டது. கிடார் கடையில் அக்காவை ஆம்ப்புக்கு நேர் எதிரே நிற்க விட்டுவிட்டேன். இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்.

எழுதியதை அவன் மறுபடி படித்துப் பார்த்தான். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் எல்லா வரிகளும் சேர்ந்து ஒரு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தன. பேனாவை மூடினான். திறந்தான். கட்டிலின் மேல் புது கிடார் படுத்திருந்தது. புதிது என்றால் அவனுக்குப் புதிது. யாரோ வாசித்துத் தேய்த்த பழைய கிடார்தான். பொன்னிறத்தில், வயிற்றின் இரு பக்கமும் வளைந்த நீளத் துளைகளோடு, உள்ளே காற்றைத் தவிர எதுவும் இல்லாமல்.

கண்ணாடிக் கடையில் அவனுக்கு வேலை. வருகிறவர்களின் இரு கண்மணிகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்து, அதற்கேற்றபடி வில்லையைச் சட்டத்தில் பொருத்துவது. கொஞ்சம் பிசகினாலும் அணிந்தவருக்குத் தலை சுற்றும். அந்தப் பழக்கம் எல்லாவற்றிலும் தொற்றிக்கொண்டது. மாலை கிடார் வகுப்பில் எந்த விரல் எந்தக் கம்பியைத் தவறவிட்டது என்பதுவரை வீட்டுக்கு வந்து எழுதிவைப்பான். வகுப்பில் அவனுக்கு அளவுகோல் என்று பெயர் வைத்ததே அக்காதான். அவர் சொந்த அக்கா இல்லை. துணிகளைப் பிரித்து, குறுக்கி, நீட்டிக் கொடுக்கும் தையல்கடைக்காரி. வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா.

மாஸ்டர் வகுப்பில் கொடுக்கும் கிடார்கள் ஒரே கட்டையில் அறுத்தவை. வருஷக்கணக்காகத் தையல் மிஷினில் குனிந்து குனிந்து அக்காவின் இடது தோள் கெட்டுப்போயிருந்தது. கொஞ்ச நேரம் மாட்டியதுமே கழற்றி மடியில் போட்டுக்கொள்வார்.

"இது கிடாரா, யார் வீட்டுக் கதவையாவது பேத்துக்கிட்டு வந்துட்டீங்களா மாஸ்டர்?"

ஒருநாள் படியிறங்கும்போது அவனிடம் சொன்னார். "தம்பி, நீதான் எதையும் அளந்து பாக்குற ஆளு. எனக்கு ஒரு கிடார் பாத்துக் கொடேன். என் தோளும் தாங்கணும், என் பர்ஸும் தாங்கணும். எனக்கு இதுல ஒண்ணும் புரியல. நீ நல்லா இருக்குன்னு சொன்னா கண்ண மூடிட்டு வாங்கிடுவேன்."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனை நம்பி ஒருவர் ஒரு முடிவை ஒப்படைப்பது அதுதான் முதல் தடவை. தேடித் தேடிப் படித்தான். ஒரே கட்டையில் செய்தது சத்தத்தில் அடங்கி நடக்கும், ஆனால் கனம். செமி ஹாலோ என்பது உள்ளே பொள்ளலாக இருந்தாலும் நடுவே ஒரு மரத்துண்டு ஓடும். விலை குறைந்தவற்றில் அந்தத் துண்டே கனத்துத் தொலைக்கும். ஹாலோ பாடிக்கு உள்ளே ஒன்றுமே கிடையாது. தூக்கினால் வெறும் பெட்டி. அக்காவின் தோளுக்கு அதுதான் சரி. ஒரே ஒரு குறை. கம்பியின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டியான ஆம்ப்பிலிருந்து வரும் சத்தத்தை அந்த வெற்று வயிறு வாங்கிக்கொண்டு திரும்ப அதற்கே கொடுக்கும். சத்தம் சத்தத்தைத் தின்று கொழுத்து, ஊளையாகிவிடும். ஆம்ப்புக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி நின்றால் போதும், அடங்கிவிடும். இதையும் படித்து, அடிக்கோடு போட்டு வைத்திருந்தான்.

படிக்கப் படிக்க, ஊருக்குப் பரிமாறப் போனவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது போல ஆனது. அவன் இருந்தது சொந்த அக்கா வீட்டில். அடுத்த அறையில் கைக்குழந்தை. ஆம்ப் வைத்து வாசிக்க வழியில்லை. கட்டைக் கிடாரை ஆம்ப் இல்லாமல் வாசித்தால் கொசு பாடுவது மாதிரி இருக்கும். சாதாரண மரக் கிடாரோ தொட்டில்வரை கேட்கும். ஹாலோ பாடி இரண்டுக்கும் நடுவில், வாசிப்பவன் காதுக்கு மட்டும் பேசும் என்று எங்கோ படித்ததிலிருந்து, அக்காவுக்காகத் தேடுகிறோமா தனக்காகவா என்பது அவனுக்கே குழம்ப ஆரம்பித்தது.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். செமி ஹாலோ இரண்டை அக்கா மாட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்துக் கழற்றினார். அப்புறம்தான் கடைக்காரர் உள்ளேயிருந்து அந்தப் பொன்னிறக் கிடாரை எடுத்து வந்தார். துளையின் ஓரத்தில் ஒரு கீறல். அதனால்தான் அந்த விலை. "ஒண்ணுதான் இருக்கு. இது போனா இந்த விலைக்கு இன்னொண்ணு வராது," என்றார்.

முதலில் அவன்தான் வாங்கிப் பார்த்தான். சரிபார்த்துக் கொடுக்கத்தானே வந்திருந்தான். ஆம்ப்பில் சொருகாமல் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். அந்த ஒலி அவன் விலா எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு தட்டு. எழுந்து அக்காவிடம் கொடுக்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அக்கா தோளில் மாட்டினார். முகம் மலர்ந்துபோனது. "அடடா, தூக்கின மாதிரியே இல்லயே!" கடைக்காரர் ஆம்ப்பில் சொருகிவிட்டு, கீபோர்டு பேரம் பேச வந்த ஒருவரைக் கவனிக்கப் போனார். தான் வாசிப்பது தனக்கு நன்றாகக் கேட்க வேண்டுமென்று அக்கா நேராக ஆம்ப்புக்கு எதிரே போய் நின்றார். அவன் அவர் கால்களைப் பார்த்தான். கிடாரின் முகத்தைப் பார்த்தான். சொல்ல வாய் திறந்தான்.

வகுப்பில் கற்ற மூன்று சுரக்கூட்டுகளையும் அக்கா வாசித்தார். சின்னப் பெண் மாதிரி சிரித்தார். "தம்பி, இன்னும் கொஞ்சம் சத்தம் வையேன்."

அவன் குனிந்து ஆம்ப்பின் குமிழைத் திருப்பினான். கொஞ்சமாக அல்ல.

கிடார் முதலில் முனகி, அப்புறம் கடையே திரும்பிப் பார்க்கும்படி ஊளையிட்டது. அக்கா வெலவெலத்துப்போய்க் கம்பியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். பிடித்திருந்த கை போனதும் அது இன்னும் ஓங்கிக் கத்தியது. "நான் தொடவே இல்லயே, அதுவா கத்துதே!" அவன் குமிழை இறக்கினான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு அடி தள்ளி நில்லுங்கள் அக்கா என்றால் தீர்ந்தது.

"இந்த மாதிரி கிடார் இப்படித்தான் அக்கா. கொஞ்சம் அடங்காது," என்றான். அதுவும் பொய்யில்லை.

அக்கா கழற்றி அவன் கையில் கொடுத்தார். "நமக்கு எதுக்குப்பா வம்பு. நீ வாசிச்சப்போ நல்லாத்தானே இருந்துச்சு. என் கைதான் லாயக்கில்ல. உனக்குப் புடிச்சிருக்குல்ல? மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. நீயே எடுத்துக்கோ."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைக்காரரிடம் அவனுக்காகப் பேரம் பேசியதும் அவர்தான். "கிழிஞ்ச துணிய நான் முழு விலைக்குக் கொடுத்தா நீங்க உடுத்துவீங்களா? அந்தக் கீறலப் பாருங்க. அதோ, அந்த மூலையில தூங்குது பாருங்க சின்ன ஆம்ப், அதையும் சேத்துக் கொடுங்க. தம்பி சின்னப் பையன்." கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுத்தார். அக்கா ஆம்ப்பைப் பேருந்து நிறுத்தம்வரை தானே தூக்கி வந்தார், வலது கையில்.

"வாங்கினது கிடாரா வயித்துவலியா? ஏன்டா இப்படி உக்காந்திருக்க?" என்றாள் அன்றிரவு குழந்தையோடு அறைக்குள் எட்டிப் பார்த்த அவன் சொந்த அக்கா. அவன் எதையோ சொல்லி மழுப்பினான். கிடாரை எடுத்து வாசித்தான். அவன் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை. நன்றாக இல்லாமல் போயிருந்தால், அவருக்கும் நல்லதுக்குத்தான் என்று மனசைத் தேற்றியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

"இனிமே வரலியாம். ஃபோன் பண்ணிச்சு," என்றார் மாஸ்டர். "கடையில கிடாரத் தொட்டதும் அலறிச்சாம். எனக்கு இதெல்லாம் வராது மாஸ்டர், என்னை விட்டுருங்கங்குது. நீயும் கூடப் போனியே, என்னதான் ஆச்சு?"

"சத்தம் ஜாஸ்தியா வெச்சுட்டோம்," என்றான். வெச்சுட்டோம். அக்காவையும் அதில் சேர்த்துக்கொண்டான்.

அன்று அவன் கிடாரை ஆம்ப்பில் போட்டு வாசித்தபோது மாஸ்டர் வந்து அவன் தோளைப் பிடித்து ஓரமாகத் திருப்பினார். "ஹாலோ பாடியா? இத வெச்சுக்கிட்டு ஆம்ப்புக்கு மூஞ்சியக் காட்டக் கூடாதுடா. கொஞ்சம் திரும்பி நில்லு. தெரிஞ்சுக்கோ." அவன் தெரிந்துகொண்டவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டான். காது மடல் எரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஃபோனில் கூப்பிட்டார். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. "அளவுகோலு, நாளைக்குக் கிடார எடுத்துட்டுக் கடைப்பக்கம் வா. அந்தக் கடையில கொடுத்த வார் தாம்புக்கயிறு மாதிரி இருக்கு, தோள அறுக்கும். நல்ல கெட்டித்துணி மிஞ்சியிருக்கு. அகலமா ஒண்ணு தெச்சுக் கொடுக்கறேன்."

தையல்கடை ஒரு ஆள் படுத்தால் நிறைந்துவிடும் அளவு. கம்பியில் வரிசையாகத் தொங்கும் கோட்டுகள், காற்சட்டைகள், ஒவ்வொன்றின் மார்பிலும் ஊசியால் குத்திய காகிதத் துண்டு. மிஷினுக்கு மேல் தாழ்வாக ஒரு விளக்கு. அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவன் தோளில் கிடாரை மாட்டிவிட்டு, இஞ்ச் டேப்பை முதுகில் ஓட்டினார்.

"ஊரையே அளக்குற ஆள நான் அளக்கறேன் பாரு. நேரா நில்லு. ஏன் கூனிக்கிற?"

அவர் விரல்கள் அவன் தோள்பட்டையைத் தொட்டன. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வார் தயாராகிவிடும். அவர் மிஷினுக்குத் திரும்பிவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

"அக்கா, அன்னைக்கு அது கத்தினது உங்க கையால இல்ல."

"ம்?"

"ஆம்ப்புக்கு நேரா நின்னா அது கத்தும். யார் நின்னாலும் கத்தும். கொஞ்சம் திரும்பி நின்னிருந்தீங்கன்னா கத்தியிருக்காது. எனக்குத் தெரியும்."

டேப் அவன் முதுகிலேயே நின்றது. அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சில் குத்தினார்.

"எப்பத் தெரியும்? இப்பவா, அப்பவா?"

"அப்பவே."

"சத்தம் வெக்கச் சொன்னது நான்தானே."

"வெச்சது நான். தெரிஞ்சுதான் வெச்சேன். எனக்கு இந்தக் கிடார் வேணும்னு இருந்துச்சு அக்கா."

அந்த நேரம் பார்த்து ஒருவர் காற்சட்டை வாங்க வந்தார். அக்கா எடுத்துக் கொடுத்தார். "இடுப்ப இனிமே பிரிக்கத் துணி இல்ல சார், அடுத்த தடவ நீங்கதான் குறையணும்," என்றார். அவர் சிரித்துக்கொண்டே போனார். அக்கா திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அன்னைலேருந்து மிஷின்ல உக்கார்றப்பல்லாம் என் கையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார். "இத்தன வருஷம் இதே கையாலதான் சோறு தின்னுருக்கேன். திடீர்னு இது என் கைதானான்னு ஆயிடுச்சு."

அவன் கிடாரைக் கழற்றி நீட்டினான். "நீங்களே எடுத்துக்குங்க அக்கா."

"கொடுக்கறதுக்கு நீ யாரு?" குரல் உயரவில்லை. "இப்ப எனக்கு வேணும்னு நான் கேட்டேனா? வேணாம்னு அன்னைக்குச் சொன்னேன், அதுகூட நானா சொல்லல. நீ சொல்ல வெச்ச. அந்த மேஜை மேல வெச்சுட்டுப் போ. எனக்கு வேணுமா வேணாமான்னு இந்தத் தடவ நான் பாத்துக்கறேன்."

வைத்தான். கெட்டித்துணி மேஜையில் விரித்தபடியே கிடந்தது, சுண்ணக்கோடு பாதியில் நின்றிருந்தது.

"இந்த வார்..."

"யார் தோளுக்குன்னு தெரியட்டும். அப்புறம் வெட்டறேன்."

தெருவைக் கடந்ததும் அவன் திரும்பிப் பார்த்தான். அக்கா கிடாரைத் தொடவில்லை. விளக்கை மட்டும் அதன் பக்கம் இழுத்து வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, சரிசெய்ய முடியுமா என்று இன்னும் தெரியாத ஒரு துணியைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து, அந்தத் துளைக்குள் கண்ணை வைத்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்தார்.

பதினெட்டாம் தேதி, புதன்கிழமை. நாளை வேலைக்குப் போகும் முன் ஆம்ப்பை அக்கா கடையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட வேண்டும். கிடாரைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது.