ரீஜென்ட் காரும் ஒன்பதரை விரலும்

பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பந்தி கேட்டது ஒரே ஒரு கார்தான். ராஜாங்கத்துக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. உழவர்கரையில் மூன்று சாராயக்கடை நடத்துகிறவர் அவர். அதற்கு முன்னால் சந்தை சந்தையாக அலைந்து மாடு வாங்கி விற்றவர். கார் என்றால் என்ன, புல்லுக்குப் பதிலாகப் பெட்ரோல் குடிக்கும் ஒரு மாடு. பேரம் தெரிந்தவன் எதையும் வாங்கலாம் என்பது அவர் கட்சி.

கேட்டவரும் லேசுப்பட்டவர் இல்லை. தேவதாஸ் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் அவரை, கேப்டனைப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி, கப்பித்தேன் என்றார்கள். அவரும் இல்லை என்று சொன்னதில்லை. மகன் பாரீசில் வேலை. பிரான்சு மாப்பிள்ளை என்றால் புதுச்சேரியில் பெண்ணைப் பெற்றவர்கள் நகையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

"எங்க குடும்பத்துல யாரும் அம்பாசடர்ல ஏறினதில்ல, முசியே. ரீஜென்ட்தான். அலோர்... வெள்ளைக் கலர், உள்ளே ஏசி, பாட்டுப் பெட்டி, வெல்வெட் சீட்டு..." என்று தேவதாஸ் விரல்விட்டு எண்ணினார். வலக்கை மோதிர விரலுக்கு வந்தபோது எண்ணிக்கை பாதியில் நின்றது. அந்த விரலே பாதிதான். மீதியை இந்தோசீனாப் போரில் ஒரு குண்டு கொண்டுபோய்விட்டதாம். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் விரலை விளக்குத் திரி மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

விடைபெறும்போது ராஜாங்கத்தின் கையைப் பிடித்து, பிரெஞ்சு வழக்கப்படி மேலும் கீழுமாக நன்றாகக் குலுக்கினார். சாராயக்கடைக்காரன் கையை அதுவரை எந்தப் பெரிய மனுஷனும் குலுக்கியதில்லை. அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது கை கழுவவே ராஜாங்கத்துக்கு மனசு வரவில்லை.

மகள் தையல்நாயகிதான் கேட்டாள்: "நானும் அவரும் பாரீசுக்குப் போயிடுவோம். கார் யாருக்குப்பா? ப்ளேன்ல ஏத்திக்கிட்டா போவப்போறோம்?"

"இன்னா பேச்சு இது? கப்பித்தேன் கேட்டுட்டாரு. ஒனக்கு அந்தப் புள்ளய புடிச்சிருக்கா இல்லியா, அத சொல்லு."

பிடித்திருந்தது. 'அங்க ரொம்பக் குளிரும், உங்களுக்குப் பரவாயில்லையா?' என்று மாப்பிள்ளை கேட்டிருந்தான். அந்த வீட்டில் அவளை ஒருவர் ஒரு விஷயம் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

ஆக, எண்பத்து நான்காம் வருஷத்து ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மதியத்தில், ராஜாங்கம் தோளில் புதுத் துண்டும் பக்கத்தில் மகளுமாகக் கார்க்கடைக்குள் நுழைந்தார். கண்ணாடிக் கூடத்தின் நடுவில் ஒரே ஒரு ரீஜென்ட் நின்றிருந்தது. ராஜாங்கம் அதைச் சுற்றி வந்தார். பின்பக்கம் தட்டினார். சக்கரத்தைக் காலால் உதைத்தார். மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தபோது, பல்லைப் பிடித்து வயசு பார்க்கப்போகிறாரோ என்று தையல்நாயகிக்குப் பயமாகிவிட்டது.

மேனேஜர் மொய்னுதீன் விலையைச் சொன்னார். சென்ட் பூசிய, இஸ்திரி கலையாத மனிதர். எவ்வளவு பெரிய தொகையையும் யாரோ ஒருவர் சௌக்கியம் என்பதுபோலச் சொல்லக்கூடியவர்.

ராஜாங்கம் அதிரவில்லை. பாதிக்கும் கீழே கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் மொய்னுதீன் தொடர்ந்தார்: "இது வெறும் வண்டிக்கு, முதலாளி. ஏசி தனி."

"தனியா?"

"ரேடியோ தனி. வெல்வெட் சீட்டு தனி. கால்மிதி தனி. இடது பக்கக் கண்ணாடியும் தனி."

"பாய், மாடு விக்கிறவன் கயித்த மட்டும்தான் அவுத்துக்கினு போவான். நீங்க கொம்பையும் வாலையும் காதையும் அவுத்து வெச்சிக்கினு மாடுன்றீங்களே. ஸ்டேரிங்காவது சேத்தியா?"

"ஸ்டேரிங் சேத்திதான்" என்றார் மொய்னுதீன், தானம் கொடுப்பவரைப்போல.

"வெள்ளைக் கலருக்கு?"

"கலருக்குக் காசே இல்ல. வெள்ளை, க்ரீம், நீலம், எது வேணும்னாலும் கேளுங்க. கம்பெனியில எது வருதோ அதுதான் வரும்."

தையல்நாயகி சிரித்துவிட்டாள். ராஜாங்கம் அவளை முறைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்தையில் எதிராளியைக் கலங்கடிக்கும் தன் கடைசி அஸ்திரத்தை விட்டார். "சரி. எனக்கு வேணாம். நான் போறேன்." வாசல் பக்கம் நாலடி நடந்தார்.

யாரும் கூப்பிடவில்லை.

திரும்பிப் பார்த்தார். மொய்னுதீன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, விற்கிறவன் பின்னால் ஓடி வராத ஒரு வியாபாரத்தை ராஜாங்கம் பார்த்தார். அந்த அதிர்ச்சியில் தானே திரும்பி வந்தார்.

"போவலாம் முதலாளி, தப்பில்ல. நூறு பேரு வரிசையில நிக்கிறாங்க. இன்னிக்குப் பணம் கட்டினாலே மூணு வருஷம் ஆவும்."

"மூணு வருஷமா! தை மாசம் கல்யாணம், பாய்! மூணு வருஷத்துல பேரப்புள்ள வந்து ஓட்டுவான்!"

"இதோ நிக்குதே, இது?" என்றாள் தையல்நாயகி.

மொய்னுதீன் குரலைத் தணித்தார். "அது ஒருத்தர் பேருக்கு வந்தது, பாப்பா. கொஞ்சம் பெரிய இடம். எடுக்கத் தோதுப்படல போல இருக்கு. மேல்பணம் குடுத்தா பேர மாத்திக் குடுத்துடுவாரு. இப்பதான் பின்பக்கமா வந்து என் ரூம்ல உக்காந்திருக்காரு. ஆனா முகம் காட்ட மாட்டேன்றாரு."

விலையைக் குறைக்க வந்தவருக்கு விலைக்கு மேலே எவ்வளவு என்று பேசும்படி ஆயிற்று. ஆனால், முகம் காட்டாத பேரம் என்றதும் ராஜாங்கத்தின் உடம்பில் பழைய ரத்தம் ஓடியது. இது அவருடைய களம்.

"முகம் எதுக்கு பாய்? கை போதும்."

மேனேஜர் அறைக்கு மார்பு உயரத்தில் தொங்கும், கீழே இடைவெளி விட்ட இரட்டைக் கதவு. மேலே திரை தொங்கியது. ராஜாங்கம் புதுத் துண்டைக் கதவுக்குக் கீழே பிடித்தார். மாட்டுச் சந்தையில் விலை வாயால் பேசுகிறதில்லை. துண்டுக்குள் கையோடு கை கோத்து, விரலைப் பிடித்தால் ஆயிரம், விரலில் பாதியைப் பிடித்தால் ஐந்நூறு என்று பேசுவார்கள். வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தையல்நாயகிக்குக் கூட்டல் கழித்தல் வந்ததே அப்பாவின் துண்டுக்குள்தான். வாத்தியார் அதற்குப் பிறகு வந்தவர்.

"உள்ள இருக்கிறவருக்கு இதெல்லாம் தெரியுமோ என்னமோ" என்று மொய்னுதீன் இழுத்தார். "ரொம்பப் படிச்ச—"

அவர் சொல்லி முடிப்பதற்குள் கதவுக்கு அடியில் ஒரு கை வந்து துண்டுக்குள் புகுந்தது. தயக்கமே இல்லை. தண்ணீருக்குள் தவளை குதிக்கிற மாதிரி குதித்தது. வந்ததும் ராஜாங்கத்தின் ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தது.

ராஜாங்கம் மனசுக்குள் பாராட்டினார். ஐயாயிரம்! சந்தையில் வளர்ந்த கை. பதிலுக்கு அந்தக் கையில் ஒற்றை விரலைப் பிடித்தார். அது உதறிவிட்டு நான்கைப் பிடித்தது. இவர் இரண்டைப் பிடித்தார். அது நகராமல் நின்றது. சரி, கொஞ்சம் ஏறலாம் என்று ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் என்று மூன்றையும் சேர்த்து வளைத்தார்.

மூன்றாவது விரல் பாதியில் முடிந்தது.

திருட்டுப்பயல், விரலை மடக்கி ஏமாற்றுகிறான் என்றுதான் முதலில் நினைத்தார். மடித்த பாதியைத் தேடித் தடவினார். மடிப்பு இல்லை. மழமழவென்று ஒரு மொட்டை. அந்த மொட்டையை அவருடைய உள்ளங்கைக்குத் தெரியும். கழுவ மனசில்லாமல் ஒரு ராத்திரி வைத்திருந்த உள்ளங்கை ஆயிற்றே.

கண்ணாடிக் கூடம், கார், மொய்னுதீனின் சென்ட் வாசனை எல்லாம் எங்கோ போய்விட்டன. இந்த மனுஷனுக்குக் கொடுக்கத்தான் இந்தக் காரை வாங்குகிறார். இந்தக் காரை இந்த மனுஷனிடமிருந்துதான் வாங்குகிறார். மேல்பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அதே காரில் ஏறிக் கல்யாணத்துக்கும் வருவார்!

பிடித்த கையை விடாமல், மேலும் கீழுமாக நன்றாகக் குலுக்கினார்.

"போன்ழூர், சம்பந்தி."

உள்ளே நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. கை பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது. ராஜாங்கம் முரட்டுக் காளைகளைப் பிடித்தவர், விடவில்லை. திரை விலகியது. தேவதாஸின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கழுத்தில் டை மட்டும் கம்பீரம் குறையாமல் தொங்கியது.

"முசியே ராஜாங்கம்... நீங்களா வாங்குறீங்க? மொய்னுதீன் யாரோ கடலூர்ப் பார்ட்டின்னு... எனக்குத் தெரியாது, சத்தியமா! பென்ஷன்ல மீதிப் பணம் கட்ட முடியல. அதான்..."

"கார் வாங்க வக்கில்லாமதான் எங்கிட்ட கேட்டியா? அதுவும் போவட்டும். குண்டு பட்ட விரலுக்கு மாட்டுச் சந்தைக் கணக்கு எப்பிடித் தெரியும்?"

தேவதாஸ் மொய்னுதீனைப் பார்த்தார். மொய்னுதீன், மரியாதை தெரிந்தவர், கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்பாவுக்கு மாட்டுத் தரகு" என்றார் தேவதாஸ் முணுமுணுப்பாக. "நானும் கூடப் போவேன். காளை மிரண்டு ஓடுச்சு. கயிறு விரல்ல சுத்தியிருந்தது."

"அப்ப இந்தோசீனா?"

"போனேன்... சமையல்கட்டுல."

ராஜாங்கத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, அந்தக் குலுக்கலுக்காகத் தான் எவ்வளவு பூரித்துப்போனோம் என்பது நினைவுக்கு வந்தது. சிரிப்பு எரிச்சலானது. தன்னைப்போல ஒரு மாட்டுக்காரனிடமா இத்தனை நாள் கை கட்டி நின்றார்! "கல்யாணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! தையலு, கெளம்பு! இந்தக் கதைய உழவர்கரையிலேருந்து அரியாங்குப்பம் வரைக்கும் சொல்லி—"

"அப்பா, கைய எடுங்க."

குரல் பக்கத்தில் கேட்டது. தையல்நாயகி துண்டின் மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

"ஏம்மா?"

"எடுங்க. எனக்கு அவரோட பேசணும்."

பிரமித்துப்போய் ராஜாங்கம் கையை விட்டார். தையல்நாயகி தன் கையைத் துண்டுக்குள் விட்டாள். "மாமா, கையக் குடுங்க."

தேவதாஸ் கொடுத்தார். துண்டு அசைந்தது. ஒரு பக்கம் மேடு எழும்பியது, தணிந்தது. தேவதாஸின் புருவம் ஏறியது. 'மோன் தியே, கடவுளே' என்று உதடு முணுமுணுத்தது. தையல்நாயகியின் முகத்தில் ஒன்றும் இல்லை. கைதேர்ந்த தரகனின் முகத்தில்தான் அப்படி ஒன்றும் இருக்காது. ராஜாங்கம் எட்டிப் பார்த்தார். துண்டுதான் தெரிந்தது. சந்தையில் எத்தனையோ பேர் தன் துண்டைச் சுற்றி இப்படி எட்டிப் பார்த்துத் தவித்ததுண்டு. அந்தத் தவிப்பு எப்படி இருக்கும் என்பதை அவர் அன்றைக்குத்தான் அனுபவித்தார்.

இரண்டு கைகளும் ஒன்றையொன்று தட்டின. பேரம் படிந்துவிட்டது.

தேவதாஸ் டையைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். கண்ணெதிரே கப்பித்தேன் திரும்பி வந்தார்.

"முசியே மொய்னுதீன், வண்டிய ராஜாங்கம் சம்பந்தி பேருக்கு மாத்திடுங்க. கம்பெனி விலைதான். மேல்பணம் கிடையாது." பிறகு ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார். "வண்டி உங்களுக்கே இருக்கட்டும். எங்களுக்கு எதுக்கு கார்? பாரீசுல எல்லாரும் மெத்ரோ ரயில்லதான் போறாங்க. கல்யாணம் குறிச்ச தேதியில நடக்கும். ஓ ருவார், வரேன்."

வந்த வழியே, பின்பக்கமாகவே, நிமிர்ந்த நெஞ்சோடு போனார்.

ராஜாங்கம் ரீஜென்ட்டின் மேல் சாய்ந்துகொண்டார்.

"தையலு... கார் வேணாம்னுட்டாரு. மேல்பணமும் போச்சு. பதிலுக்கு நீ இன்னாம்மா குடுத்த?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லக் கூடாதுன்னு யாரு சொல்லிக் குடுத்தது?"

"பெத்தவன்கிட்டயுமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கப்பட்டிருக்க வேண்டும். "அன்னிக்கு அவரு எண்ணுன மாதிரியே, அவரு வலக்கையில நாலு விரலப் புடிச்சி, ஒண்ணொண்ணா மடக்கினேன். கார், ஏசி, ரேடியோ, மேல்பணம். அந்தப் பாதி விரல மட்டும் மடக்காம நீட்டி வுட்டேன். அது குண்டு பட்டதாவே இருக்கட்டும். கல்யாணத்தன்னிக்கு நீங்களே நாலு பேருகிட்ட அந்தக் கதைய சொல்லணும். அதான் விலை."

"நானா? நான் எதுக்குச் சொல்லணும்?"

"உங்களுக்கும் கப்பித்தேன் சம்பந்திதான வேணும்?"

ராஜாங்கம் அவள் கையிலிருந்த துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மொய்னுதீன் மெதுவாக அருகே வந்தார். "அப்ப பில்லு போட்டுடலாமா, முதலாளி? ஏசி, ரேடியோ?"

ராஜாங்கம் காரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், காலியான இரட்டைக் கதவைப் பார்த்தார்.

"தனியா ஒண்ணும் வேணாம் பாய்" என்றார். "ஸ்டேரிங் சேத்தின்னீங்களே, அது போதும்."