யூமெய் உயிரோடு இருக்கிறாள்

கோவ் சென்ஹாய்க்கு எந்த மெஷின் மேலும் நம்பிக்கை கிடையாது. முப்பது வருஷம் கடைசல் மெஷினில் நின்றவர். அது அவருடைய ஒரு விரலைத் தின்றது உண்மைதான். ஆனால் கண்ணைச் சிமிட்டிக் காட்டு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தப் போன் கேட்கிறது.

வருஷத்துக்கு ஒரு தரம், ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். போனுக்கு முன்னால் முகத்தை வைத்து, கண்ணைச் சிமிட்டி, வாயைத் திறந்து, தலையை ஆட்டினால் இருக்கிறீர்கள். இல்லாவிட்டால் இல்லை. ஃபாக்டரி நடந்த காலத்தில் இந்தக் கூத்து கிடையாது. வீடு கொடுத்ததும் ஃபாக்டரி, ஆள் செத்தால் வண்டி அனுப்பியதும் ஃபாக்டரி. யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று வாசல் காவல்காரனைக் கேட்டாலே சொல்வான். அப்புறம் வெளிநாட்டுச் சரக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது, ஃபாக்டரி படுத்துவிட்டது. தொழிலாளிகளின் கோப்புகளை மூட்டை கட்டி வட்டார அலுவலகத்தில் போட்டார்கள். அவர்கள் ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் ஆளை வைத்தார்கள். பதினேழாம் கட்டத்துக்கு ஃபாங் லீ. முப்பது வயசுப் பெண், நல்ல பெண்தான். ஆனால் போனைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டாள்.

அன்று மத்தியானம் அவள் ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்க வந்திருந்தாள். கோவின் மனைவி உயிரோடு இருப்பதைக் காட்ட இன்றுதான் கடைசி நாள். இலையுதிர் காலத்தில் பக்கவாதம் அடித்து அவளுக்கு முகத்தின் பாதி தொங்கிவிட்டது. திங்கட்கிழமை மாவட்ட ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். இன்றைக்குள் போன் ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவக் காப்பீடு நின்றுவிடும், படுக்கையும் கைமாறிவிடும்.

"மூச்சு விடுறா, பாத்துட்டுத்தானே இருக்கே. நீயே எழுதிக்கிட்டுப் போயேன்" என்றார் கோவ்.

"நான் பாத்து என்ன தாத்தா பிரயோஜனம்? இது பாக்கணும்" என்று போனைத் தூக்கிக் காட்டினாள் ஃபாங் லீ.

"லுவான் யூமெய், கண்ணைச் சிமிட்டவும்" என்றது போன். கிழவியின் வலது கண் மட்டும் மூடித் திறந்தது. தோல்வி. மறுபடி பிடித்தாள், மறுபடி தோல்வி. மூன்றாம் தரம் போன் வேறு பாட்டுப் பாடியது: படத்துக்குள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், மற்றவர் விலகவும்.

ஃபாங் லீ சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றினாள். கண்ணாடி மேல் துண்டைப் போட்டாள். கோவை வாசல் பக்கம் போகச் சொன்னாள். பழையபடி அதே குரல். திரையில் கிழவியின் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் நின்றது. தலைமாட்டில், வெறும் சுண்ணாம்புச் சுவரில், நிற்கும் ஆளின் முக உயரத்துக்கு இன்னொன்று. அது சும்மா இருக்கவில்லை. லேசாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, படுக்கையைக் குனிந்து பார்ப்பதுபோல இறங்கி ஏறியது.

"மட்டமான போன்" என்றார் கோவ். ஃபாங் லீ தன் சொந்தப் போனை எடுத்தாள். அதிலும் இரண்டு கட்டம்.

கிழவி பாதி வாயால் சிரித்தாள். "அவளத்தானே கூப்பிடுறீங்க? அப்புறம் வராம என்ன பண்ணுவா?"

யாரைச் சொல்கிறாள் என்று கோவுக்குப் புரிந்தது. இந்தச் சங்கதி அவருக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் அப்பன் ஓய்வு பெற்றால் அவன் வேலை ஒரு பிள்ளைக்குப் போகும். லுவான் வீட்டில் அது மூத்தவள் யூமெய்க்கு என்று எழுதி முத்திரையும் குத்தியாகிவிட்டது. தாள் கைக்கு வருவதற்கு முன்பு மூத்தவள் காய்ச்சலில் போய்விட்டாள். பேர் மாற்றப் போனால் வேலை போய்விடும். அதனால் இளையவள் சூபிங், அதாவது இந்தக் கிழவி, தன் அக்கா பேரில் ஃபாக்டரிக்குள் நுழைந்தாள். குடும்ப அட்டையில் தலைக்கணக்கு இடிக்கக் கூடாதே என்று, சூபிங் செத்துவிட்டதாகப் பதிந்தார்கள். செத்தவளை உயிரோடு வைத்து, இருந்தவளைச் சாகடித்தார்கள். தெருவுக்கு இரண்டு வீட்டில் இப்படி நடந்ததுதான், யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கல்லறைக் கல்லிலும் சூபிங் என்றே வெட்டினார்கள். முன்னோருக்குப் படைக்கும் நாளில் கிழவி போய்த் தன் பேருக்குத் தானே காகிதப் பணம் கொளுத்திவிட்டு வருவாள். நாற்பத்தைந்து வருஷமாக மூத்தவளுக்கு ஒரு தாள் போய்ச் சேரவில்லை.

ஃபாங் லீ ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் பார்த்தாள். சிக்கல் இருந்தால் மேலே எழுதுகிறேன், ஆள் வந்து விசாரிப்பார்கள், ஒரு மாசமாவது ஆகும் என்றாள்.

ஒரு மாசம் கிழவி தாங்க மாட்டாள். அது கோவுக்குத் தெரியும்.

"கிழவா" என்றாள் மனைவி. "அவகிட்டயே காட்டேன்."

"வாய மூடு. பேயக் கூப்பிட்டு முத்திரை வாங்கவா?"

"முத்திரை அவ பேருக்குத்தானே."

கோவ் போனைப் பிடுங்கினார். கிழவியை விட்டுவிட்டு வெறும் சுவரைப் பார்த்துப் பிடித்தார். கண்ணைச் சிமிட்டவும் என்றது போன். சிமிட்டியாகிவிட்டது என்று பச்சை விழுந்தது. வாயைத் திறக்கவும். பச்சை. தலையை ஆட்டவும். கட்டம் மெல்ல ஆடியது, இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம். பச்சை.

லுவான் யூமெய் உயிரோடு இருக்கிறார், நன்றி.

ஃபாங் லீ செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படியிறங்கினாள். மாசத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்காவது பச்சை வாங்கிக் காட்ட வேண்டியவள். விழுந்த பச்சையை ரத்து செய்ய அவளுக்கும் மனசில்லை.

திங்கட்கிழமை காலை இரவல் சக்கர நாற்காலியில் கிழவியை வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார் கோவ். அங்கேயும் முகம் பார்த்துத் திறக்கிற கதவு. இவர்கள் பத்தடி தள்ளி வரும்போதே அது தானாகத் திறந்தது. ஓர் ஆள் நடந்து போகிற நேரம் நின்று, மூடிக்கொண்டது. கிழவியின் முகத்தைக் காட்டியபோது சிவப்பு விளக்கு எரிந்தது.

காவலாளி திரையைப் பார்த்தான். "லுவான் யூமெய் இப்பத்தான் உள்ள போனாங்க. மூணாம் மாடி, ஆறாம் படுக்கை. இவங்க யாரு?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வெளி ஆளிடம் அந்தப் பேரைச் சொன்னார் கோவ். லுவான் சூபிங். காவலாளி தட்டிப் பார்த்தான். திரையைப் படித்தான், நாற்காலியைப் பார்த்தான், ஓரடி பின்னால் போனான். அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கே தெரியும்.

கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். நான் என்ன செய்ய தாத்தா, இல்லாதவங்களை எப்படி உள்ளே விட என்று காவலாளி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

கால் மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் மின்தூக்கியிலிருந்து வந்தாள். வெளுத்த முகம், பேச்சு மட்டும் வழக்கமான பேச்சு. "ஆறாம் படுக்கைக்காரங்க தங்கச்சி யாரு? வாசல்ல நிக்கிறா, கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க. ஊசிகூட வேண்டாமாம், அவளுக்குப் போடுங்கன்றாங்க."

கிழவி தலையை நிமிர்த்தினாள். "குரல் எப்படிம்மா இருந்துச்சு?"

"சின்னப் பொண்ணு குரல்" என்ற நர்ஸ், தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல நின்றுவிட்டாள்.

காவலாளி பார்வையாளர் சீட்டு ஒன்றைக் கிழித்தான். பேர் எழுதும் இடத்தில் பேனா நின்றது. வெறுமையாகவே நீட்டினான்.

கோவ் நாற்காலியின் பிடியை விடவில்லை. அரசாங்கத்தை நம்பாதவர், போனை நம்பாதவர். மேலே படுத்திருப்பவள் படுக்கையைக் கொடுக்கிறாளா, தங்கச்சியைத் தன்னோடு கூப்பிட்டுக்கொள்கிறாளா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மருந்து அந்த மாடியில்தான் இருக்கிறது. வேறு எந்த வாசலிலும் இல்லை.

"தள்ளு கிழவா" என்றாள் சூபிங்.

தள்ளினார்.